பக்கம் 187, வரி 14

"என்னய்யா இது?" என்று கேட்டார் கணக்கு வாத்தியார் சாம்பசிவ ஐயர். கையில் அப்போதுதான் பைண்டிங் முடிந்து வந்த புத்தகம். அவரே எழுதியது. 'நீலத்தீவு முகமூடி', மூன்றாம் பாகம், முற்றிற்று. முதல் தாளைத் திருப்பியவர் இரண்டாம் தாளில் நின்றுவிட்டார். அது பிழைதிருத்தப் பக்கம்.

பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நாலு கட்டம். முப்பத்தொன்பது பிழைகள். இருபத்திரண்டாவது இப்படி இருந்தது: பக்கம் 187, வரி 14, 'ராஜகுரு' என்பதைப் 'பெரிய ராணி' என்று திருத்தி வாசிக்கவும்.

முகமூடிக்குள் இருப்பது யார் என்பதுதான் அந்தக் கதையின் ஒரே ரகசியம். மூன்று பாகம், மூன்று வருஷம் அவர் பூட்டி வைத்திருந்தது. அதை அச்சிட்ட நாங்கள் புத்தகத்தின் வாசலிலேயே, கட்டம் கட்டி, வரிசை எண் போட்டுச் சொல்லிவிட்டோம்.

"ஆத்துக்காரிகிட்டக்கூடச் சொல்லலை ஓய்" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

பறக்கும் எருமை

முப்பதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் மாடவீதிகளுக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஓர் அச்சுக்கூடத்தில் நான் புரூப் ரீடர். கையால் எழுத்துக் கோக்கும் காலம். எழுத்துகள் போதாது, ஒரு பாரம், அதாவது எட்டுப் பக்கம், அச்சானதும் பிரித்துப் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம் கோக்க முடியும். ஆகவே அச்சானது அச்சானதுதான். தப்புக் கண்டுபிடித்தால் பிழைதிருத்தத்தில் போடுவோம். தலைப்புப் பக்கம், முன்னுரை எல்லாம் கடைசியில்தான் அச்சாகும் என்பதால் பிழைதிருத்தமும் அவற்றோடு சேர்ந்து புத்தகத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசகர்கள் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுப் பிறகு படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சமைத்தவன் உப்பை மறந்துவிட்டு, சாப்பிட வந்தவரிடம் உப்பு ஜாடியைக் கொடுப்பது மாதிரி.

'நீலத்தீவு முகமூடி'க்கு மயிலாப்பூரில் அப்படி ஒரு கிராக்கி. சிறகு முளைத்த எருமை மேல் ஏறி, முகமூடி போட்ட ஒருவர் ராத்திரிகளில் தீவைச் சுற்றிவந்து கொடியவர்களைத் தண்டிப்பார். அவ்வளவுதான் கதை. வக்கீல் முதல் வண்டிக்காரர் வரை அந்த எருமைக்காகக் காத்திருந்தார்கள்.

அதை நாங்கள் படுத்தின பாடு கொஞ்சமல்ல. முதல் பாகத்தில் பக்கங்களை அச்சுச் சட்டத்தில் வைத்து முடுக்கும்போது வரிசை மாறி, எருமை கிளம்புவதற்கு முன்பே வந்து இறங்கியது. கடலில் மூழ்கிப்போன மாலுமி இரண்டு பக்கம் தள்ளி உட்கார்ந்து மோர்சாதம் சாப்பிட்டான். இரண்டாம் பாகத்தில் ஒன்பதாம் அத்தியாயம் இரண்டு, பத்தாம் அத்தியாயம் கிடையாது. படத்துக்கான பிளாக்கை மிஷின்மேன் தலைகீழாக மாட்ட, எருமை மல்லாந்து பறந்தது. இவற்றுக்குப் போட்ட பிழைதிருத்தங்களிலும் பக்க எண்கள் தப்பு. நம்பித் திருத்தியவர்கள் சரியாக இருந்த இடங்களையும் கெடுத்துக்கொண்டார்கள்.

முதலாளிக்கு இதெல்லாம் உறைக்காது. யார் வந்து சத்தம் போட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "கைப்பிரதியில அப்படித்தான் இருந்துது சார்." சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்.

நான் கதை படித்த நாள்

187ஆம் பக்கத்தைக் கோத்தவன் அந்தோணி. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரன். அண்ணன்கள் கட்டுமரத்தில் போக, இவன் மட்டும் கம்போஸிங்குக்கு வந்தான். கை வேகம் அபாரம். ஆனால் கதை கேட்டே வளர்ந்தவன். முகமூடிக்குள் இருப்பது ராஜகுருதான் என்று ஒரு வருஷமாக எல்லாரிடமும் சாதித்துக்கொண்டிருந்தான்.

"ராஜகுரு ரெண்டாம் பாகத்திலேயே உப்புச் சிலையாகிவிட்டாரே அந்தோணி" என்பேன்.

"அட இன்னா நைனா நீ. செலயா ஆனதெல்லாம் சும்மா. ஆக்டு குடுத்துக்கினு கீறான். எளுதி வெச்சிக்கோ."

கம்போஸிட்டர் ஒரு வரியைப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு கையால் கோப்பான். அந்த வரி வந்தபோது அந்தோணியின் மனதில் வேறு ஆள் குடியிருந்தார். 'முகமூடி விழுந்தது. அங்கே நின்றவர் பெரிய ராணி' என்று கைப்பிரதியில் இருந்தது. அவன் கை 'ராஜகுரு' என்று கோத்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று மாதாவின் மேல் சத்தியம் செய்தான். நான் நம்பினேன்.

அவன் கோத்தது தப்பு. நான் விட்டது பெரிய தப்பு. புரூப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைப்பிரதியை உரக்கப் படிக்க, ரீடர் புரூப்பில் சரிபார்ப்பார். அன்று எனக்கு அந்த இரண்டாவது ஆளே இடைஞ்சலாக இருந்தார். முடிவைத் தனியாகப் படித்து ரசிக்க ஆசை. "நீங்கள் போய்க் காப்பி சாப்பிட்டு வாருங்கள்" என்று அவரை அனுப்பிவிட்டு, கைப்பிரதியைத் திறக்காமலே புரூப் தாளை மடியில் போட்டுக்கொண்டு வாசகனைப் போலப் படித்தேன். முகமூடி விழுந்ததும் மயிர் கூச்செறிந்தது. அந்தோணி சொன்னது சரியாகப் போயிற்றே என்று தொடையைத் தட்டிக்கொண்டு, கீழே 'அச்சிடலாம்' என்று கையெழுத்துப் போட்டேன்.

பாரம் அச்சாகி, எழுத்தைப் பிரித்துப் போட்ட பிறகு, பிழைதிருத்தம் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் கைப்பிரதியைப் பார்த்தேன். முகமூடிக்குள் இருப்பது யார் என்பதை வாத்தியார் ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு வந்த கடைசி அத்தியாயம் முழுக்க 'அவர்', 'அவர்' என்றே போகிறது. ஆகவே அந்த ஒரு சொல் கவிழ்ந்தால் மூன்று பாகமும் கவிழ்ந்தது.

அன்றே வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பயந்தேன். முப்பத்தெட்டுப் பிழைகளுக்கு நடுவே அதையும் சொருகிவிட்டால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கைப்பிரதியின் அந்தத் தாளை மட்டும் என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

பசைக் கிண்ணம்

வாத்தியார் கேட்டதற்கு முதலாளி வழக்கமான பதிலைச் சொன்னார். "கைப்பிரதியில அப்படித்தான் இருந்துது சார். ராஜகுருன்னுதான் எழுதியிருந்தீங்க. நம்ம ஆளு புத்தியா கண்டுபுடிச்சுத் திருத்தம் போட்டிருக்கான்."

"கைப்பிரதியைக் காட்டுங்கோ."

"பழைய பேப்பர்காரன் கிட்ட போயிடுச்சே."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் பசைக் கிண்ணத்தைப் பார்த்தேன். "நானா அப்படி எழுதினேன்? மூணு வருஷம் மனசுல வெச்சிண்டிருந்ததைக் கடைசியில கை மாத்தி எழுதிடுமா?" என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். கணக்கு வாத்தியார் தன் விடையையே சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

'பெரிய ராணி' என்று சின்னத் துண்டுகள் அச்சடித்து 'ராஜகுரு'வின் மேல் ஒட்டுவது, பிழைதிருத்தத் தாளைக் கத்தியால் கிழித்தெடுப்பது என்று முடிவாயிற்று. அச்சுக்கூடத்தில் இருந்த பிரதிகளை அந்தோணி பார்த்துக்கொண்டான். சிக்கல் என்னவென்றால், முன்பணம் கட்டிய பதினைந்து பேருக்கு அன்று காலையே சைக்கிளில் பிரதி போய்விட்டது. வாத்தியாரும் நானும் பெயர்ப் பட்டியல், கத்தி, பசைக் கிண்ணம் சகிதம் ஜட்காவில் ஏறினோம்.

கச்சேரி ரோடு வக்கீல் எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "உங்க பிழைதிருத்தமா? அதை நம்பி முதல் பாகத்துல கோடு போட்டேன். எட்டாம் பக்கத்துல செத்தவனுக்குப் பதினஞ்சாம் பக்கத்துல கல்யாணம் ஆயிடுத்து. அன்னியோட அந்தத் தாளைத் திருப்பறதே இல்லை ஓய்."

அடையாற்றுப் பாலம் தாண்டி ஒரு வீடு, அபிராமபுரத்தில் இரண்டு, லஸ் பக்கம் நாலு. எல்லா இடத்திலும் இதே கதை. ஒருவர்கூட எங்கள் திருத்தத்தை மதித்துப் படித்திருக்கவில்லை. 187ஆம் பக்கத்துக்கும் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. ரகசியம் பத்திரமாக இருந்தது. எங்கள் மானம் போனதால் அவர் கதை பிழைத்தது. வாத்தியாருக்கு வீட்டுக்கு வீடு முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கு வீட்டுக்கு வீடு சுருங்கிக்கொண்டே வந்தது.

சாந்தோமில் அந்தோணியின் அத்தை ரோசம்மா, மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு டீச்சர் சாயங்காலங்களில் வாசிக்க, தெருவே கேட்குமாம். நான் துண்டு ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ராணியோ குருவோ, எவனாச்சும் இருந்துட்டுப் போறான். எருமை உசுரோட கீதா, அத்த சொல்லு."

"இருக்கும்மா" என்றார் வாத்தியார்.

"அப்ப சரி. இன்னா வோணா ஒட்டிக்கோ."

பதினைந்தாவது பெயர்

ஜட்காவில் ஏறி அடுத்த பெயரைப் படித்தேன். "தர்மாம்பாள், சித்திரக்குளம் மேற்கு வீதி. இதோடு முடிந்தது சார்."

வாத்தியார் பட்டியலை என் கையிலிருந்து பிடுங்கினார். "அது என் ஆம்படையாள் ஓய்."

இந்தத் தடவை புருஷன் கொண்டுவரும் வரை காத்திருக்க மனமில்லாமல், அந்த அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் தனியாக முன்பணம் கட்டியிருக்கிறார். காலை எட்டு மணிக்கே பிரதி போயிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு.

கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். புத்தகம் மூடி, மேலே மூக்குக்கண்ணாடி. கண்கள் சிவந்திருந்தன. படித்து முடித்துவிட்டார் என்று பார்த்த உடனே தெரிந்தது.

"திருத்தப் பக்கத்தைப் பாத்தியா?" என்றார் வாத்தியார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"பாத்தேன். அடிச்சுட்டேன்." புத்தகத்தைத் திறந்து காட்டினார். இருபத்திரண்டாவது திருத்தத்தின் மேல் பேனாவால் அழுத்தமாக ஒரு கோடு. "போன தடவை இவா சொன்னாளேன்னு எருமைக்கு ரெண்டாவது வால் எழுதினேன். மறுபடி ஏமாறுவேனா? புஸ்தகத்துல இருக்கறதுதான் சரின்னு படிச்சேன்."

அந்த அம்மாள் மெதுவாகத் தொடர்ந்தார்.

"ஏன்னா, சொன்னா கோச்சுக்கப்படாது. முடிவு நன்னாயில்லை. ராஜகுருதான் உப்பாப் போயிட்டாரே. மழை பெஞ்சு கரைஞ்சுகூடப் போயிட்டார். அவர் எப்படி வருவார்? மூணு வருஷமா ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதினேளே, இப்படி முடிச்சுட்டேளேன்னு எனக்கு அழுகையா வந்தது."

வாத்தியார் தூணைப் பிடித்துக்கொண்டார். "பெரிய ராணின்னுதான் நினைச்சிண்டிருந்தேன் தர்மு. எழுதறச்சே கை தப்பிடுத்து போலிருக்கு. கைப்பிரதியிலேயே தப்புன்னு சொல்றா. வயசாயிடுத்து, இனிமே எழுதப்படாது."

பதினாலு வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தவன் அங்கே மூட முடியவில்லை.

"கைப்பிரதியில் பெரிய ராணி என்றுதான் இருக்கிறது அம்மா. அந்தத் தாள் என் டிராயரில் இருக்கிறது. சார் எழுதியது சரி. நான் கைப்பிரதியைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். தெரிந்த பிறகும் மறைத்தேன். தப்பு என்னுடையது."

வாத்தியார் தூணைப் பிடித்த கையை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உள்ளே போய் முதல் பாகத்தை எடுத்து வந்து எதையோ தேடினார். பிறகு இரண்டாம் பாகம். "பெரிய ராணி ராத்திரிகள்ல கதவைத் தாப்பாப் போட்டுக்கறா, ஏன்னு நீங்க சொல்லவே இல்லை. எருமை அவகிட்ட மட்டும் முட்டறதில்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டப் புரட்ட அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் ஏறியது. "அடடா. நன்னாப் பண்ணியிருக்கேளே" என்றார் புருஷனைப் பார்த்து. வாத்தியார் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார்.

நான் துண்டையும் பசையையும் எடுத்தேன். அந்த அம்மாள் வேண்டாம் என்று கையமர்த்தி, பேனாவை என்னிடம் நீட்டினார். 187ஆம் பக்கத்தில் ராஜகுருவை அடித்து, மேலே 'பெரிய ராணி' என்று எழுதினேன். எழுத்து கோணல். மை உலரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்:

"திருத்தியாச்சு. ஆனா இனிமே முதல் தடவையாப் படிக்க முடியாதே."

அதற்கு எந்தக் கட்டத்தில் என்ன திருத்தம் போடுவது? கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு, அச்சுக்கூடத்தின் பேரைக் கெடுத்துவிட்டாய் என்றார். எந்தப் பேரை என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது, கேட்கவில்லை. சீட்டு மட்டும் கிழியவில்லை, ஏனென்றால் அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கமாட்டான்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. கதை நன்றாக இருக்கிறது என்று தோன்றிய நிமிஷம் புரூப்பைக் கீழே வைத்துவிடுங்கள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு, கைப்பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அதற்குப் பிறகு நான் வேறு விதமாகப் பார்த்ததில்லை. துப்பறியும் கதை, ராஜா ராணிக் கதை, பேய்க் கதை என்று எத்தனையோ நாவல்கள் என் கையெழுத்தோடு அச்சேறின. அவற்றில் கொலைகாரன் யார், யாருக்கு யாரோடு கல்யாணம், எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.