துர்கா பிரித்த முதல் லேப்டாப்

எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் துர்காவுக்கு இருப்புக் கொள்ளாது. கம்மாபுரத்துப் பக்கம் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு விருத்தாசலத்துக்குக் குடிவந்த குடும்பம் அவளுடையது. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த மூன்று வருஷமும், "மூடியில கை வைக்கக் கூடாது" என்ற ஒரே பாட்டைத்தான் லேபில் கேட்டாள். பிறகு பாலக்கரையில் மாடியறை ஒன்றைப் பிடித்துச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்தபோது, திறப்புவிழா முடிந்த மறுநாளே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஓடுற வண்டிய எதுக்கு பிரிக்கிற?" என்று கேட்டான் அவள் கணவன் பிரபாகரன்.

"நின்னுபோன வண்டிய பிரிக்கறப்ப கை நடுங்கக் கூடாதுல்ல."

ஆனால் லேப்டாப்பை மட்டும் அவள் பிரித்ததில்லை. 2008இல் அவளுக்குத் தெரிந்தவர்களில் லேப்டாப் வைத்திருந்தவர்களே சொற்பம். அவர்களில் ஒருத்தி திரௌபதி. செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவள், அப்போது தானே ஒரு சின்ன யூனிட் நடத்திக்கொண்டிருந்தாள். துர்காவிடம் வந்து கம்ப்யூட்டரில் படம் வரையக் கற்றுக்கொண்டு, பழைய லேப்டாப் ஒன்றையும் வாங்கினாள். அந்த வருஷக் கொலுவுக்கு அவள் யோசித்து வைத்திருந்தது கபடி செட். தாவணியை இழுத்துச் செருகிய பெண்கள் இரண்டு அணி. நடுக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டிக்கொண்டு பாடிப் போகிறவள் ஒருத்தி. எல்லாரையும் லேப்டாப்பிலேயே வரைந்து வண்ணமும் தீட்டிவிட்டாள். படங்களைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து ஒரு பொம்மைக் கடைக்காரம்மா வருவதாக இருந்த வாரத்தில், லேப்டாப்புக்குள் டக், டக் என்று சத்தம் வர ஆரம்பித்தது.

துர்கா காதை வைத்துக் கேட்டாள். "ஹார்டு டிஸ்க் போவப்போவுதுக்கா. மூச்சு இருக்கறப்பவே எல்லாத்தயும் புதுசுல ஏத்திடணும்."

வேலையாகச் சென்னைக்குப் போன பிரபாகரன் புது டிஸ்க்கையும், அதை வெளியிலிருந்தே ஒயரில் இணைக்க ஒரு சின்ன டப்பாவையும் வாங்கி வந்தான். பழையதில் இருந்ததைப் புதியதில் நகலெடுக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. முடிந்த சற்று நேரத்திலேயே பழைய டிஸ்க் ஒரேயடியாக அடங்கிவிட்டது. இனி எல்லாமே புதியதில்தான்.

மறுநாள் சாயங்காலம் கடைக்காரம்மா வருகிறார். காலையிலேயே துர்கா லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். திரௌபதி எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். புது டிஸ்க்கை உள்ளே வைத்து மூடி, பட்டனை அழுத்தினாள் துர்கா. உள்ளே டிஸ்க் என்று ஒன்று இருப்பதே தெரியாதமாதிரி நடந்துகொண்டது லேப்டாப்.

மறுபடியும் பிரித்தாள். பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பழைய டிஸ்க்கின் வாயில் ஒரு விரற்கடை நீளத்துக்கு மெல்லிய பட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. டிஸ்க்கின் பகுதியே என்று நினைத்திருந்தாள். நகத்தால் நெம்பினாள், கையோடு வந்துவிட்டது.

"அக்கா, இது டிஸ்கோடது இல்ல. லேப்டாப்போடது. இது வழியாத்தான் ரெண்டும் பேசிக்கும்."

பட்டையைப் புதியதில் பொருத்தி மாட்டினாள். இப்போது திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது. திரௌபதி நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டாள். அடுத்த நொடி கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: ஆப்பரேட்டிங் சிஸ்டம் கிடைக்கவில்லை.

"அப்ப என் புள்ளைங்கல்லாம் போயிட்டாங்களா?" என்றாள் திரௌபதி.

துர்கா லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்தாள். டிஸ்க்கைக் கழற்றி, அந்த டப்பாவில் போட்டு, சென்டர் கம்ப்யூட்டர் ஒன்றில் இணைத்தாள். ஃபோல்டரைத் திறந்ததும் பெயர்கள் வரிசையாக இறங்கின. பாஞ்சாலை, கொளஞ்சி, செல்வநாயகி. தன் யூனிட்டில் வண்ணம் தீட்டும் பெண்களின் பெயர்களைத்தான் பொம்மைகளுக்கு வைத்திருந்தாள் திரௌபதி. ஒவ்வொன்றாகத் திரையில் விரலை வைத்துப் படித்தாள். சென்டரில் இருந்த வரைகிற புரோகிராம் பழசு என்பதால் படங்களைத் திறக்க முடியவில்லை. என்றாலும் எல்லாரும் இருந்தார்கள். துர்கா முதல் வேலையாக அந்த ஃபோல்டரைச் சென்டர் கம்ப்யூட்டரிலும் பத்திரப்படுத்தினாள். அதற்கப்புறம்தான் அவளுக்குப் பயம் விட்டு, குஷி பிறந்தது.

"டிஸ்க் நல்லாருக்குது. ஃபைலும் இருக்குது. அப்பறம் எதுக்கு லேப்டாப்பு தெரியலங்குது? இருங்கக்கா, விடமாட்டேன்."

டிஸ்க்குகளின் நிலவரம் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். மேலே சென்டர் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க். கீழே திரௌபதியின் டிஸ்க். இரண்டுக்கும் எதிரே "ஹெல்தி" என்றிருந்தது. மேலே உள்ளதில் மட்டும் அதற்குப் பக்கத்தில் "சிஸ்டம்" என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தது. அவள் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டாள்.

"அக்கா, வூட்டுல எல்லா சாமானும் எறக்கியாச்சு. வாசப்படி இதுதான்னு லேப்டாப்புக்கு யாரும் சொல்லல. அது சுத்திச் சுத்தி வந்துட்டு, வூடே இல்லங்குது."

கீழ் வரியின்மேல் மவுஸை வைத்து வலது பக்கம் அழுத்தினாள். இதை "ஆக்டிவ்" ஆக்கலாம், அதாவது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று லேப்டாப்புக்குக் காட்டலாம் என்று ஒரு வரி வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டு போயிற்று.

காத்திருந்த நேரம் முழுவதும் இரண்டு பேரும் உட்காரவில்லை. துர்கா ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். திரௌபதி டீ வாங்கி வந்தாள், இருவருமே குடிக்க மறந்தார்கள். ஃபேன் சுற்றியதும் துர்கா ஓடிப்போய் உட்கார்ந்தாள்.

"அழுத்தட்டாக்கா?"

"இன்னும் என்ன கேள்வி, அழுத்து."

அழுத்தினாள். டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டினாள். ஸ்க்ரூகூடப் போடவில்லை. திரை கறுத்தது, கறுத்தே கிடந்தது, பிறகு விண்டோஸின் கொடி மெல்ல எழும்பியது. திரௌபதி துர்காவின் தோளைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் வலி இருந்தது. சாயங்காலம் கடைக்காரம்மா வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்து, பாடிப் போகிறவளின் முகத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். "இது எங்க கடைக்குத்தான், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றுவிட்டுப் போனார்.

பொம்மைகளைச் செய்து சூளையில் வைத்தபோது, பாடிப் போகிறவளின் நீட்டிய கை சூட்டில் தொங்கிப்போனது. அதனால் கைக்குத் தாங்கலாக, அவள் எதிரணிப் பெண் ஒருத்தியின் தோளைத் தொட்டுவிட்டதாக மாற்றி, இருவரையும் ஒரே பொம்மையாக்கினாள் திரௌபதி. கொலுவில் அந்த ஜோடிதான் எல்லாரையும் நிறுத்திப் பார்க்க வைத்தது.

துர்காவைப் பற்றிய பேச்சும் தொழிற்பேட்டையில் பரவியது. ஐப்பசியில் திட்டக்குடியிலிருந்து ஒருவர், டீ கொட்டிய லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். என்ன நடந்தது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் துர்கா அதைக் கவிழ்த்துப் போட்டு நான்கு ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தாள்.