அறுபது கிலோ ஆட்டமும் லீன் என்ற சொல்லும்

கேளம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே புதிதாக ஒரு ஜிம் திறந்திருக்கிறார்கள். சர்க்கரை ஏறிவிட்டது என்று மருத்துவர் விரட்டியதில் நானும் போய்ச் சேர்ந்தேன். பயிற்சி தரும் பையன் என் தொப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கவலப்படாதீங்கண்ணா, சீக்கிரமே உங்கள லீன் ஆக்கிர்றேன்" என்றான். நல்ல பையன்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நாக்கு வறண்டது. பாட்டில் தண்ணீரை அங்கேயே நின்று முழுக்கக் குடித்தேன்.

நான் ஒரு காலத்தில் லீனாக இருந்தவன் என்றால் என் மனைவியே நம்பமாட்டாள், நீங்கள் எங்கே நம்பப்போகிறீர்கள்! மாமல்லபுரத்துக்கு வடக்கே எங்கள் குப்பத்தில் என்னை ஓணான் என்றுதான் கூப்பிடுவார்கள். கபடியில் எதிரணிக்குள் ரைடு போகிறவன் நான். லீன் என்ற சொல்லை ஊருக்குள் கொண்டுவந்தவன் என் அத்தை மகன் சேகர். நாவலூரில் ஆபீஸ் வேலை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய போன். எங்கள் டீமுக்கு அவனாகவே கோச் ஆகிவிட்டான். ஒருநாள் மணலில் உட்காரவைத்து, ஒல்லிக்கு இங்கிலீசில் உள்ள சொற்களையெல்லாம் பாடம் எடுத்தான்.

"தின்னுன்னா சும்மா ஒல்லி மச்சான். ஸ்கின்னின்னா எலும்புந்தோலும், அது திட்டு. ஸ்லிம்முன்னா பொம்பளைங்க கேட்டா சந்தோசப்படுவாங்க. லீன்னா வேற. கொழுப்பு துளி கூட இருக்காது, மிச்சமெல்லாம் சத. நீ லீன் ஆவணும்."

பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா, "எம்புள்ள ஏற்கெனவே கருவாடாட்டம் கீறான். இவன் இன்னாவோ இங்கிலீசுல பேசிகினு கீறான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளூர ஒரே குஷி. அதுவரை என் உடம்பைப் பார்த்து யாரும் மரியாதையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த வருஷம் செங்கல்பட்டுக்குத் தெற்கே படாளம் என்ற ஊரில் நடந்தது அறுபது கிலோ ஆட்டம். அதாவது, அதற்கு மேல் எடை இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். எங்கள் குப்பத்தில் மீன் ஏலம் விடுகிற இடத்தில்தான் தராசு உண்டு. வஞ்சிரத்தை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். முள் அறுபதைத் தாண்டி நின்றது. அவ்வளவுதான், சேகர் எனக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டான். இரண்டு சட்டைக்கு மேல் படகு மழைக்கோட்டை மாட்டி உச்சிவெயிலில் மணலில் ஓடவிட்டான். வாயில் புளியை அடக்கி, ஊறுகிற எச்சிலையும் துப்பச் சொன்னான். இன்றைக்கும் மழைக்கோட்டு வாடை அடித்தால் எனக்குக் குமட்டும்.

மறுநாள் படாளத்தில் எடை சரியாக இருந்தது. அதற்குப் பிறகாவது குடித்திருக்கலாம். "ஆட்டம் முடியட்டும், வயிறு கனக்கும்" என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டான் அந்த மகாராசன் சேகர்.

படாளத்து டீமில் கணேசன் என்று ஒருவன். விவசாயக் குடும்பம். பிடித்தால் விடாத கை. மாசி மகத்துக்குக் கடலாட வந்தால் எங்கள் வீட்டில்தான் நண்டுக் குழம்பு சாப்பிடுவான். அடுத்த வாரம் அவனுக்கு ஓர் அரசுத் துறை டீமில் தேர்வு. தேறினால் வேலை. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாதியில் ரைடு போனேன். கணேசன் இடுப்போடு பிடித்தான். சுத்தமான பிடி. எனக்குக் கண் இருட்டியது, முழங்கால் மடங்கியது. அவன் உடனே விட்டுவிட்டான். "டேய், ஒடம்பு அனலா கீதுடா! தண்ணி எட்தா!" என்று அவன் ஆட்களிடம் கத்தினான். ஒரு கையை என் கழுத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, மறு கையால் பாட்டிலைச் சாய்த்தான். உதட்டில் இரண்டு சொட்டு விழுந்திருக்கும்.

"கழுத்த நெரிக்கிறான்டா!" சேகரின் குரல்.

எங்கள் ஆட்கள் மொத்தமாக உள்ளே பாய்ந்தார்கள். சேகரின் முதல் உதையே கணேசனின் முகத்தில் விழுந்தது. நாற்காலிகள் பறந்தன. பந்தல்காலைப் பிடுங்கி அடித்தார்கள். தரையில் கிடந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. அவன் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் போதும், நின்றுவிடுவார்கள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவேயில்லை. இரண்டு பேர் கணேசனின் வலது கையைத் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். "இந்தக் கைதானடா?" என்று கேட்டுக்கேட்டு ஒருவன் இரும்புக் கம்பியால் அடித்தான். எலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது. "தண்ணி குட்த்தேன்டா, தண்ணிதான்டா குட்த்தேன்" என்று கணேசன் அலறினான். அவன் ஊர்க்காரர்கள் கழியும் மண்வெட்டியுமாக ஓடிவந்து எங்களில் நாலைந்து பேர் மண்டையைப் பிளந்தார்கள். எங்கள் வேன் எரிந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் என்னையும் கணேசனையும் ஒரே வார்டில் போட்டிருந்தார்கள். பேச்சு வந்ததும் நடந்ததைச் சேகரிடம் சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். என் வாழ்நாளில் அவ்வளவு ஆத்திரம் எனக்கு யார் மீதும் வந்ததில்லை. எதிர்க் கட்டிலில் தோள்வரை மாவுக்கட்டோடு கணேசன் கண் விழித்தான். என்னைப் பார்த்துக் கேட்டான்:

"தண்ணி குட்ச்சியா?"

நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதேன்.

கேசும் பஞ்சாயத்தும் எப்படியோ முடிந்தன. தேர்வு நாளன்று கணேசன் அந்தக் கட்டிலில்தான் கிடந்தான். அவன் விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. எங்கள் பக்கம் இப்போதும் கபடி நடக்கிறது. மணலுக்குப் பதில் ரப்பர் மேட், பெரிய விளக்கு, நேரலை எல்லாம் வந்துவிட்டன. முன்பெல்லாம் பிடித்தவன்தான் விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கி, முதுகு மண்ணையும் தட்டிவிடுவான். போன கோடையில் ஓர் ஆட்டம் பார்த்தேன். ரைடு வந்த பையன் ஒருவன் கால் பிசகி விழுந்து துடித்தான். அவனைப் பிடித்தவன் சட்டென்று பின்னுக்கு நகர்ந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.