இடம் விடு

பாளையங்கோட்டை–ஸ்ரீவைகுண்டம் சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ரோடு மேஸ்திரியாக இருந்தவர் ஞானசிகாமணி. 1913 ஜனவரியில் அந்தச் சாலைக்கு மோட்டார் பஸ் வந்தது. வண்டிகள் இடப்பக்கமாகவே போக வேண்டுமென்று ஊர் ஊராகத் தண்டோரா போட்டார்கள்.

எதிரே மாட்டுவண்டி வந்தால் பஸ் டிரைவர் மரியதாஸ், “இடம் விடு!” என்று கத்துவார். வழி விடச் சொல்வதாக அவர் எண்ணம். தண்டோரா கேட்டிருந்த வண்டிக்காரர்களுக்கோ இடப்பக்கத்தை விடச் சொல்வதாகப் பட்டது.

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, வாழைத்தார் ஏற்றிவந்த மாடக்கண்ணு அப்படியே வலப்பக்கம் திருப்பிப் பஸ்ஸில் மோதினார். வலது கால் போயிற்று.

“இடத்தை விடுன்னான், விட்டேன் அண்ணாச்சி” என்றார், பார்க்கப் போன மேஸ்திரியிடம்.

இன்னொரு கால் போகக்கூடாது என்று மேஸ்திரி முடிவு செய்தார். மறுநாள் காலை பஸ்ஸை மறித்தார்.

“இனிமே ‘இடத்துக்காளைப் பக்கம்’னு கத்தும் வே. நுகத்துல எந்தக் காளை எந்தப் பக்கம்னு வண்டிக்காரனுக்குத் தெரியும்.”

“நான் மோட்டார் ஓட்டுதேனா, மாடு மேய்க்கேனா?”

“அப்போ நான் கத்துதேன். நீரு பைய ஓட்டும்.”

பன்னிரண்டு நாள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மேஸ்திரியே கத்தினார். அவர் குரல் கம்மிவிட்டது. பதின்மூன்றாம் நாள், மார்ச் 24 அன்று, கிருஷ்ணாபுரத்துக்கு அருகே மூன்று வண்டிகள் எதிரே வந்தன. மேஸ்திரிக்குச் சத்தம் எழவில்லை.

“இடத்துக்காளைப் பக்கம் போங்கலே!” என்று கத்தினார் மரியதாஸ்.

மூன்று வண்டிகளும் இடப்பக்கம் ஒதுங்கின.