தங்கதுரை மற்றும் பலர்

மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மூட்டையும் மிளகு மூட்டையும் இறங்குகிற ஒரு சந்தில் வசந்தியின் சாயாக்கடை இருக்கிறது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சந்து முனையில் நின்று 'ரேடியோக் கடை எங்கே?' என்று கேட்டால், சுக்கு புடைக்கிற பெண்கள் முறத்தை நிறுத்தாமல் தாடையாலேயே வழி காட்டுவார்கள். அந்த ரேடியோவுக்கு வசந்தியின் மகள் மகாவைவிட வயது கூட. பாட்டரி மூடி எப்போதோ தொலைந்துவிட்டதால் ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருக்கும். பிஸ்கட் ஜாடிகளுக்குப் பின்னால், சுவரோரம், அதற்கென்று ஒரு பலகை.

ரேடியோவை வாங்கியவர் அவளுடைய புருஷன் தங்கதுரை. தென்காசிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்பே கொச்சிக்கு வந்து, ஓட்டலில் கிளாஸ் கழுவி, பிறகு சொந்தமாக அடுப்புப் போட்டவர். வசந்தி இந்த ஊரிலேயே பிறந்தவள், சுள்ளிக்கலில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா கார்ப்பரேஷனில் தெரு பெருக்கும் வேலை பார்த்தார். வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தைப் பார்த்தால் அவளுக்கு மார்கழிக் கோலம் மாதிரிதான் இருக்கும். பாட்டுக் கேட்க எழுத்து எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும், மலைக்கு அப்பால் இருக்கும் தமிழ் நிலையத்தில் பழைய பாட்டுகள் போடுவார்கள். மீடியம் வேவ். பகலில் இரைச்சலாக இருக்கிற அதே இடத்தில், வெளிச்சம் குறையக் குறையக் குரல் தெளிந்து வரும். கிட்டங்கிகளில் சுமை தூக்கும் தமிழ் ஆட்கள் அன்று குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கல்யாணத்துக்கு வந்தது போலக் கடைக்கு வந்து உட்காருவார்கள். கேட்கிறவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் ஒவ்வொன்றாக வாசித்து, பிறகு பாட்டைப் போடுவார். தன் பெயர் காற்றில் வருவதைக் கேட்டவன் அந்த வாரம் முழுக்க மூட்டையை ஒரு கையாலேயே தூக்கிவிடுவான்.

அதற்கான தபால் அட்டையை எழுதிப் போடுவது தங்கதுரையின் வேலை. இதில்தான் அவருடைய குணமே வெளிப்பட்டது. பந்திக்கு முந்து என்பது அவருக்குத் தெரியாத பழமொழி. எல்லாரும் சாப்பிட்டு இலை எடுத்த பிறகு உட்காருகிற ஆள். யார் மனதும் நோகக்கூடாதென்று சந்தில் உள்ள அத்தனை பேரையும் அட்டையில் நெருக்கி எழுதுவார். சாயா குடித்துவிட்டுக் காசு கொடுக்காமல் போனவனையும் விடமாட்டார். கடைசியில், அட்டையின் ஓரத்தில், எறும்பு அளவு எழுத்தில் தன் பெயர். அறிவிப்பாளரும் மனிதர்தானே. ஏழெட்டுப் பெயர் வாசித்து மூச்சு வாங்கி, 'மற்றும் பலர்' என்று முடித்துவிடுவார். வருஷக்கணக்கில் எழுதியும் தங்கதுரையின் பெயர் ஒரு தடவைகூட வானொலியில் வந்ததில்லை. வசந்தி சடைத்துக்கொண்டால், "அந்தப் பலர்ல நான் இருக்கேனே, போதாதா?" என்று சிரிப்பார். அவளுக்குப் போதவில்லை. அவர் மாரடைப்பில் போய் மூன்று வருஷம் ஆகியும் போதவில்லை.

அவருடைய படம் ரேடியோவுக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. முதலில் அதற்கு முன்னால் எண்ணெய் விளக்கு வைத்தாள்; காயலிலிருந்து வருகிற காற்று அதை நிம்மதியாக எரிய விடவில்லை. இந்த வருஷம் திவசத்துக்கு வந்த மகா, வைட்டிலாவில் வாங்கியதாகச் சொல்லி, சுடர் மாதிரி ஆடுகிற ஒரு மின்விளக்கை மாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அதை யாரும் அணைத்ததில்லை. கடையைப் பூட்டினாலும் எரியும்.

திவசம் வந்த அந்த மாதம் முழுக்க வசந்திக்கு ரேடியோவைத் தொட மனம் வரவில்லை. பிறகு ஒரு நாள் போட்டால், ஒரே இரைச்சல். நூறு வண்டுகளைச் சட்டிக்குள் அடைத்தது போல. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து பிய்ந்து பிய்ந்து வந்த அறிவிப்பில் அவளுக்குப் புரிந்தது ஒரே சேதி: இந்த மாதத்தோடு மீடியம் வேவ் ஒலிபரப்பை நிறுத்துகிறார்கள், இனி எல்லாம் ஃபோனில்தான், அதுவும் அடுத்த மாதத்துக்கு மேல்தான், கடைசி ஞாயிறு முழுக்க நேயர் விருப்பம்.

வசந்தி அன்றைக்கே ஒச்சப்பனைப் பிடித்தாள். ஒச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், சுமைக்காரர்களில் மூத்தவன், தமிழ் எழுதத் தெரிந்தவன். தங்கதுரை காலத்தில் அட்டையில் முதல் பெயரே அவன் பெயர்தான். அட்டையைக் கையில் வாங்கியதும், பழைய பழக்கத்தில் யார் யாரைப் போடுவது என்று விரல் மடக்க ஆரம்பித்தான். வசந்தி அந்த விரலைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"இத்தனை வருஷம் உங்க பேரெல்லாம் வந்தாச்சு, ஒச்சப்பா. இந்த ஒரு தடவை அவரு பேரு முன்னால வரட்டும். நீங்கல்லாம் மற்றும் பலர். அது மதி, அது போதும்."

ஒச்சப்பனுக்கு முகம் சுருங்கியது. கடைசி ஒலிபரப்பில் தன் பெயரைக் கேட்டுவிட வேண்டுமென்று அவனுக்கும் ஆசை இருந்தது. அதை ஊருக்கும் சொல்லி வைத்திருந்தான். ஆனாலும் எழுதினான். எந்தப் பாட்டு என்று கேட்டதற்கு, எதையாவது போடட்டும், பெயர்தான் வேண்டும் என்றாள். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொன்னாள், மறுபடி வாசிக்கச் சொன்னாள். அவன் வாசிக்க வாசிக்க, அந்தக் கோலங்களின் மேல் விரலை வைத்து, கூடுதலாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாள். படிக்கத் தெரியாதவள் என்ன கண்டுபிடித்துவிட முடியும்? அட்டையைத் தபால்பெட்டியில் போட்டவளும் அவள்தான். அதை வேறு யார் கையிலும் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

பெயருக்கு வழி செய்தாயிற்று. இனி இரைச்சல். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போனால் குரல் கண்ணாடி மாதிரி வந்தது. சந்துக்குள் திரும்பினால் வண்டுச்சட்டி. ஒச்சப்பன் வெகு சுலபமாக வழி சொன்னான்: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் துறையிலேயே உட்கார்ந்து கேட்டுவிடலாம். வசந்தி ஒற்றைக்காலில் நின்றாள்.

"அவரு பேரு அவரு கடையில கேக்கணும். தெருவுல நின்னு கேக்க அவரு என்ன வழிப்போக்கரா?"

அந்த வாரத்தில் ஒரு மழை நாள், சந்து முழுக்கக் கரண்டு போனது. அந்த நிமிஷமே ரேடியோ சுத்தமாகப் பேசியது. கரண்டு வந்ததும் இரைச்சலும் வந்துவிட்டது. ஆக, குற்றவாளி இந்தச் சந்தில்தான் இருக்கிறான், கரண்டில்தான் ஓடுகிறான். வசந்தி முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். அவள் சந்தேகப்படாத வீடு இல்லை. மூலையில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதியின் அலங்கார விளக்குகள், பாட்டரி ஆட்டோவுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே எதிர்க்கடை ராமபத்ரன் புதிதாக மாட்டியிருக்கும், ஓடுகிற எழுத்துப் பலகை. ராமபத்ரன் மிளகு வியாபாரி. காலையில் முதல் சாயா அவருக்குத்தான் போகும். பலகையை அணைக்கச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்தா சேச்சி இது? ஒரு பழைய ரேடியோவுக்கு வேண்டி நான் கட போர்டு ஓஃப் ஆக்கணுமோ?"

வசந்தி சண்டை போடவில்லை. மறுநாள் காலை அவருக்குச் சாயா போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் ராமபத்ரனே வந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம் அணைத்து வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு கிளாஸை நீட்டினார். அவர் பணிந்த பிறகு மற்றவர்கள் எம்மாத்திரம். விடுதிக்காரர் சரி என்றார், ஆட்டோக்காரர் சரி என்றார். தனித்தனியாக அணைத்துப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் சேர்ந்து அணைத்தால் திருடன் தப்ப முடியாது என்பது வசந்தியின் கணக்கு.

ஞாயிறு பொழுது சாய்ந்தது. கடைக்குள் நிற்க இடமில்லை. வேட்டிகள் வெளுத்திருந்தன. ராமபத்ரனும் வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார், தன் பலகையின் மேல் பழி விழுகிறதா என்று பார்க்க. சொல்லி வைத்தபடி சந்து ஒவ்வொரு விளக்காக அணைந்தது. வசந்தி தன் கடையில் டியூப்லைட்டை அணைத்தாள், காற்றாடியை அணைத்தாள், ஃபிரிட்ஜின் வயரையே பிடுங்கிப் போட்டாள். பிறகு ரேடியோவைத் திருகினாள்.

இரைச்சல். முன்னைவிடப் பெரிதாக இருப்பது போலக்கூடத் தோன்றியது. அதற்கு அடியில் எங்கேயோ அறிவிப்பாளர் ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பிடிபடவில்லை. வசந்தி ரேடியோவைக் கிழக்கே திருப்பினாள், மேற்கே திருப்பினாள், தலையில் தட்டினாள். யாரைச் சண்டைக்கு இழுக்கலாம் என்று சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. ஒச்சப்பன் சுவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ராமபத்ரனும் அதையே செய்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சந்தே இருட்டாக இருக்கும்போது இத்தனை முகங்களும் எப்படித் தெரிகின்றன? ரேடியோவுக்கு ஒரு முழம் மேலே, தங்கதுரையின் படத்துக்கு முன்னால், மகா மாட்டிய சுடர் ஆடிக்கொண்டிருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். கடையில் உள்ளவர்களுக்கு அது முன்னமே புரிந்திருக்க வேண்டும். ஆனால் செத்துப்போனவருடைய விளக்கை அணை என்று எந்த வாய் சொல்லும்?

வசந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். சுவிட்சில் கையை வைத்தாள். கை தயங்கியது என்பது உண்மை. கடையில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"மகா அப்பா, கொஞ்ச நேரம் இருட்டுல இருங்க," என்றாள் படத்தைப் பார்த்து. "உங்க பேரு கேக்கணும்."

விளக்கு அணைந்தது. வண்டுகள் செத்தன. அறிவிப்பாளர் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரிப் பேசினார். யாரோ ஒரு ஊர்க்காரருடைய பாட்டு ஓடி முடிந்தது. இன்னொன்று ஓடியது. ஸ்டூலிலிருந்து வசந்தி இறங்கவில்லை. ஏற்கெனவே வாசித்து முடித்திருப்பாரோ, அட்டை போய்ச் சேரவேயில்லையோ, ஒச்சப்பன் பாவி தன் பெயரை எங்காவது செருகியிருப்பானோ என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. தாள் திருப்புகிற சத்தம் கேட்டது.

"அடுத்து, கேரளா, மட்டாஞ்சேரியிலிருந்து, சாயாக்கடை தங்கதுரை மற்றும் பலர்."

அவ்வளவுதான். வேறு ஒரு பெயரும் இல்லை. பாட்டு ஆரம்பித்தது. இருட்டில் வசந்தி அழுதாள், மறைக்க வேண்டிய அவசியம் இல்லாததால் நன்றாகவே அழுதாள். கொஞ்சம் கழித்து ஸ்டூலின் காலடியிலிருந்து ஒச்சப்பனின் குரல் கேட்டது. அவனுடைய மூக்கும் அடைத்திருந்தது.

"மதினி, அந்தப் பலர்ல நான் இருக்கேன்ல?"

"மொத ஆளே நீதான்," என்றாள் வசந்தி.

பாட்டு முடிகிற வரை அவள் விளக்கைப் போடவில்லை.