கடலுக்கு முதுகு காட்டிய ஞாயிறு

என் அம்மா அம்மாக்கண்ணு கடலோரத்துக்குப் போனது வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான். 1957ஆம் ஆண்டு, தீபாவளி முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. கடலைப் பார்க்கவா போனாள்? என்னைத் தேடிப் போனாள்.

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்து எடுத்தாள். அப்பா பழனியாண்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. எனக்குக் கீழே இரண்டு பேர். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து, கொழும்பில் நல்ல வீடு ஒன்று இருக்கிறது, மூத்தவள் பூரணியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள், தீபாவளிக்குத் தீபாவளி வந்துவிடுவாள் என்றார். அம்மா நம்பினாள். நம்பியதற்காக அவளை யாராவது குறை சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மூன்று பிள்ளைகளின் பசியை வைத்துக்கொண்டு சந்தேகப்பட அவளுக்கு எங்கே நேரம் இருந்தது?

முதல் தீபாவளிக்கு நான் வரவில்லை. இரண்டாவதுக்கும் வரவில்லை. விலாசம் கேட்டால் கணக்கப்பிள்ளை மழுப்பினார். கடைசியில், பிள்ளை வாழ்கிற வாழ்வைக் கெடுக்கப் பார்க்கிறாயா என்று எரிந்து விழுந்தார். ஆனால் அந்த வீட்டிலிருந்து வந்த கடிதம் ஒன்றை அவரே முன்பு பெருமையாக வாசித்துக் காட்டியிருந்தார். அதில் நான் சொன்னதாக ஒரு வரி: வீட்டுக்குப் பின்னால் ரயில் ஓடுகிறது, அதற்கு அந்தப் பக்கம் கடல். அம்மாவுக்கு அது போதும்.

டவுனில் கடை வைத்திருந்த ஹசன் நானாவிடம் போய் வழி கேட்டாள். கொழும்புக் கோட்டையில் இறங்கி, கரையோரமாகப் போகிற சின்ன ரயிலைப் பிடிக்கச் சொன்னவர், "அந்தக் கரையில ஆயிரம் வீடு இருக்கு தங்கச்சி, எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றார்.

"ரயில்லயே போயிப் போயிப் பாக்குறேன் நானா. புள்ள ஒரு தடவையாச்சும் வெளிய வராமலா இருக்கும்?"

தம்பி தங்கையை லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் இருந்த மீனம்மாவிடம் விட்டுவிட்டு, சனிக்கிழமை இரவு மெயிலில் ஏறினாள். ஞாயிறு இரவு மெயிலில் திரும்பினால்தான் திங்கள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நிற்க முடியும். கையில் இருந்தது ஒரு பகல். மடியில் இரண்டு ரொட்டியும் ஒரு உப்பு முடிச்சும். ஈரத்துக்குள் இறங்குகிறோம் என்றால் காலில் ஏறும் அட்டைக்கு உப்பு கொண்டுபோவது எங்கள் மலைப் பழக்கம். கடலைவிட ஈரமான இடம் ஏது?

கரையோர ரயிலில் சனமெல்லாம் கடல் பக்கத்து ஜன்னலுக்கு முண்டியடித்தது. அம்மா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீடுகள் இருந்த பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். பின்வாசல்கள், துணி காயும் கொடிகள், கிணற்றடிகள் என்று ஒன்று விடாமல் பார்த்தபடி கல்கிசை வரை போனாள். திரும்பி வந்தாள். பம்பலப்பிட்டியில் இறங்கி, தெரிந்த பத்துச் சிங்கள வார்த்தையை வைத்துக்கொண்டு சந்து சந்தாக விசாரித்தாள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு காவல்காரர் பரிதாபப்பட்டு, பேசாமல் ஊருக்குப் போகச் சொன்னார். மறுபடி ரயிலேறினாள்.

மூன்றாவது தடவை, பகல் இரண்டு மணிக்கு மேல், வெள்ளவத்தையை நெருங்கி ரயில் வேகம் குறைத்தபோது, தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் ஒரு பிள்ளை போவதைக் கண்டாள். பேனுக்குப் பயந்து ஒட்ட வெட்டிய முடி, யாருடையதோ பழைய கவுன். முகம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை சந்தைச் சாக்கைத் தலையிலும் வைக்கவில்லை, இடுப்பிலும் வைக்கவில்லை. சாக்கில் கட்டிய கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, பாரத்தை முதுகில் தொங்கவிட்டு, கழுத்தை முன்னே நீட்டி நடந்தது. அந்தக் கரை முழுவதிலும் அப்படிச் சுமக்க யாருக்குத் தெரியும்? நாலு வயதில் அம்மாவின் பழைய கொழுந்துக் கூடையை அப்படி மாட்டி விளையாடியவள் நான்.

ஸ்டேஷனில் இறங்கிப் பின்னோக்கி ஓடி வந்தாள். மலைக்கு மலை கூப்பிடுகிற குரலில் என் பெயர் கேட்டது. திரும்பினேன். அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் கயிற்றை என் தலையிலிருந்து கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். பிறகுதான் என் மொட்டை மண்டையைத் தடவினாள். நான் அழுதேன்.

இப்படியே ஓடிவிடலாம் என்றேன். ஓடுவதற்கு நாம் என்ன திருடினோம் என்று கேட்டு, அந்த வீட்டுக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சாக்கை வாசலில் இறக்கி வைத்தாள். வீட்டம்மா முதலில் அதட்டினார். பிறகு இறங்கி வந்து, இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டும், நகை போட்டு அனுப்புகிறோம் என்றார்.

"படிக்கத்தான் அனுப்புனேனுங்க," என்றாள் அம்மா. "செமக்கிறதுக்குன்னா எங்க மலையிலயே கூடை இருக்கு."

கணக்கப்பிள்ளை சும்மா விடமாட்டாரே என்று வழியில் பயந்தேன். நாளைக்குப் பெரட்டில் அவர் மூஞ்சிக்கு முன்னால் உன்னை நிற்க வைப்பேன் என்றாள். நிற்கவும் வைத்தாள்.

மெயிலுக்கு நேரம் இருந்தது. இத்தனை நாள் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தாயே, அதில் கால் நனைத்திருக்கிறாயா என்று கேட்டாள் அம்மா. இல்லை என்றேன். தண்டவாளம் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அம்மா என் கையைப் பிடித்துத் தாண்டினாள். அப்போதுதான் அவளும் கடலை நேராகப் பார்த்தாள்.

மணலில் என்னை உட்கார வைத்து, உப்பு முடிச்சை அவிழ்த்து, என் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை அழுத்தித் தேய்த்தாள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"சிரிக்கட்டும். நீ காலக் காட்டு."

இரண்டு வருஷத்தில் என் காலை ஒருவர் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். அலை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போனது. அவள் முடிச்சில் மிச்சமிருந்ததை எடுத்து மறுபடி தேய்த்தாள்.