மீன்கொத்தியின் கனம்

போர் விமானக் கம்ப்யூட்டர் விளையாட்டில் எங்களுக்கு ஆறு பேர் கொண்ட படை ஒன்று உண்டு. எல்லோரும் திருச்சிக்காரர்கள். படைக்கு ஒரு சின்னம் வேண்டுமென்று, கொள்ளிடக் கரையில் நான் தினமும் பார்க்கும் மீன்கொத்தியை நான்கு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். இறகுக்கு இறகு கோடு போட்டு, ஆறு விமானங்களிலும் ஒட்டினேன்.

அதன் பிறகுதான் காட்டூர் செந்தில் சொதப்பத் தொடங்கினார். தனியாக நன்றாகப் பறப்பவர், நாங்கள் அணி சேர்ந்ததும் யார் மீதாவது வந்து மோதுவார். போட்டி வேறு நெருங்கிவிட்டது.

"கை நிக்கலைன்னா விலகிக்கங்க ப்ரோ" என்று எல்லோரும் கேட்க மைக்கில் சொல்லிவிட்டேன்.

"இன்னும் பழகிக்கிறேன் ப்ரோ" என்றார்.

பயிற்சி கொடுக்கிறேன் பேர்வழி என்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். பழைய கம்ப்யூட்டர். மற்ற விமானங்கள் அருகே வந்ததும் திரை அப்படியே உறைந்து நின்றது. மறுபடி அசைந்தபோது மோதியிருந்தார். இறகுக்கு இறகு வரைந்ததில் ஒவ்வொரு படமும் பெரிய ஃபைல்; ஆறு மீன்கொத்திகளின் கனத்தை அந்தக் கம்ப்யூட்டர் தாங்கவில்லை.

"ஏன் ப்ரோ சொல்லலை?"

"ஆசையா வரைஞ்சிருக்கீங்க. எப்படிங்க சொல்றது?"

அங்கேயே உட்கார்ந்து, திரை உறையாமல் ஓடும்வரை படத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தேன். பிறகு அதே மைக்கில், அதே ஆட்கள் கேட்க, தப்பு என்னுடையது என்றேன்.

செந்தில் இப்போது என் வலப்பக்கத்தில், இறக்கையோடு இறக்கை ஒட்டிப் பறக்கிறார். அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாலும் என் மீன்கொத்தி வெறும் நீலத் தீற்றல்தான். படையில் எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். நான் திருத்தப் போவதில்லை.