அப்பாவின் பெயரில் இருந்த மாமியின் ஷேர்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மாட்டுங்கா வீட்டுக் கூடத்திலும், இடம் போதாமல் மாடிப்படியிலும் உட்கார்ந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அப்பா இருந்திருந்தால் முதலில் உங்கள் எல்லோரையும் காபி குடிக்கச் சொல்லியிருப்பார். அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. "நீதான் எழுதணும், நல்லதா நாலு வார்த்தை எழுது" என்று அண்ணா டில்லியிலிருந்து சொல்லிவிட்டான். நல்லது எழுத அப்பாவிடம் பஞ்சமே இல்லை. ஆனால் பூசி மெழுகி எழுத எனக்கு வராது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். இன்னொன்று, அம்மாவை 'அவர்' என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. 'அவள்' என்றே எழுதுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறினார். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மெஸ்ஸில் ஒண்டிக் குடியிருந்து, ஃபோர்ட்டில் இயந்திரங்கள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பிறகு தம்பியையும் வரவழைத்து, படிக்கவைத்து, ஒரு வேலையில் அமர்த்தினார். அந்தத் தம்பிதான் எங்கள் செம்பூர் சித்தப்பா. கல்யாணம், குடித்தனம், அண்ணா, நான் எல்லாம் அப்புறம் வந்தோம். கம்பெனியை மட்டும் அப்பா கடைசிவரை மாற்றவில்லை.

அந்தக் கம்பெனியில் பென்ஷன் கிடையாது. பிராவிடண்ட் ஃபண்டு உண்டு, ரிட்டயர் ஆகிற அன்று ஒரு மாலை உண்டு, அவ்வளவுதான். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், அப்படி மாலை போட்டுக்கொண்டு போனவர், சில வருஷத்தில் திரும்பி வந்து, "கடுதாசியைக் காப்பி எடுக்கிற வேலையா இருந்தாலும் பரவாயில்லை, கொடுங்கோ" என்று பியூன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். அன்று வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிடவே இல்லை. பயந்துபோய்விட்டார். எங்கள் வீட்டில் ஷேர் என்ற சொல் அந்தப் பயத்தோடுதான் நுழைந்தது.

தீபாவளி போனஸ் வந்தால் மற்ற வீடுகளில் பட்டுப்புடவை வரும். எங்கள் வீட்டில் ஏதோ ஒரு கம்பெனியின் கொஞ்சம் ஷேர் வரும். அம்மாவுக்கு எவ்வளவு கோபம் வந்திருக்க வேண்டும்! "காகிதத்தைக் கட்டிண்டா கோவிலுக்குப் போறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். லோக்கல் ரயிலில் எல்லோரும் சீட்டாடிக்கொண்டு போகும்போது அப்பா கம்பெனிகளின் வருஷ அறிக்கையைப் படித்துக்கொண்டு போவார். லாபம் கொழித்த வருஷத்தை அவர் பார்க்கவே மாட்டார். "கெட்ட வருஷத்துல பங்குதாரனுக்கு என்ன கொடுத்தான்? அதைச் சொல்லு முதல்ல" என்பார். வாங்கினால் விற்கமாட்டார். ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் கொட்டமாட்டார். ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் பாதியைத் தபாலாபீஸில் போட்டுவிட்டுத்தான் மீதியைத் தொட்டார்.

சித்தப்பா நேர் எதிர். காலையில் வாங்கிச் சாயந்திரம் விற்கிற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு, யாரைப் பார்த்தாலும் "க்யா பாவ் ஹை?" என்று விலை கேட்டுக்கொண்டு அலைவார். சீனச் சண்டையின்போது விலையெல்லாம் விழுந்ததே, அப்போது சித்தப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பா ஷேர்களும்தான் விழுந்தன. "நான் எங்கே விக்கப் போறேன்? அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்று அவர் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். இதைப் படித்தால் சித்தப்பா என்னை முறைப்பார். முறைக்கட்டும், இன்னும் இருக்கிறது.

அப்பாவுக்குக் கைராசி என்று பில்டிங்கில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. முதன்முதலில் வாங்கிய ஒரு ஷேர் நன்றாக வளர்ந்துவிட்டது, அதனால் வந்த வினை. விஜயதசமி வந்தால் போதும், புது ஷேருக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், "உங்க கையால எழுதிக் கொடுங்கோ." அப்பா சிரித்துக்கொண்டே எழுதிக்கொடுப்பார். "ஃபாரத்தை என் கை எழுதும் ஓய், கம்பெனியை நடத்தப் போறது என் கை இல்லை" என்றும் சொல்லுவார். யார் கேட்டார்கள்?

மூன்றாம் மாடி மாமி வந்தது அப்படித்தான். அவருடைய கணவர் மில் ஆபீஸில் இருந்தவர், திடீரென்று போய்விட்டார். குழந்தைகள் கிடையாது. கணவர் கணக்கில் வந்த பிராவிடண்ட் ஃபண்டுதான் மாமியின் மிச்ச வாழ்க்கைக்கு எல்லாமே. "அண்ணா, உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல கம்பெனில போட்டுடுங்கோ. மாசச் சாப்பாட்டுக்கு வந்தா போதும்" என்றார். அப்பா இரண்டு மூன்று கம்பெனிகளாகப் பிரித்து எழுதிக்கொண்டு, "உங்க பேர் சொல்லுங்கோ, முழுப் பேர்" என்று பேனாவைத் திறந்தார்.

மாமி பதறிவிட்டார். "ஐயையோ, என் பேர் வேண்டாம். என் ராசிதான் ஊருக்கே தெரியுமே. ஆரம்பிக்கும்போதே என் பேரைப் போட்டா அந்தக் கம்பெனி உருப்படுமா? உங்க பேர்லயே வாங்கிடுங்கோ அண்ணா."

இது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மாமி எப்படி வாழ்ந்தார் என்று பில்டிங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் மாமி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். நாம் யாரும் போகச் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அவரை எல்லோரும் மாமி என்போமே தவிர, பெயர் என்ன என்று எனக்கே தெரியாது. அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், மாமி கண்ணில் தண்ணீர் வந்ததும் விட்டுவிட்டார். அப்பா வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு அதுதான் என்பேன். மாமியின் பணம் முழுவதும் அப்பா பெயரில் ஷேர்களாக இரும்புப் பெட்டிக்குள் போனது. டிவிடெண்ட் வந்தால் அம்மா உடனே மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். வருஷா வருஷம் அப்பா கேட்பார், "இப்பவாவது உங்க பேருக்கு மாத்திடட்டுமா?" மாமி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

பாகிஸ்தான் சண்டை முடிந்திருந்த சமயம். ஒரு நாள் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து பேப்பர் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், கை வரவில்லை. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். நான் திலக் நகரில் இருக்கும் புகுந்த வீட்டிலிருந்து பெட்டி படுக்கையோடு இங்கேயே வந்துவிட்டேன்.

அப்பாவுக்குத் தம் உடம்பைப் பற்றிக் கவலை இருந்ததாகவே தெரியவில்லை. இடது கையால் மாடியைக் காட்டுவார், பெட்டியைக் காட்டுவார், மறுபடி மாடியைக் காட்டுவார். மாமியின் ஷேர்களைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. அவர் போய்விட்டால் அந்த ஷேர்கள் சட்டப்படி எங்களுடையவை. மாமியுடையது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கோர்ட்டு, வக்கீல், அண்ணாவின் சம்மதம், என் சம்மதம், யார் எப்போது மனசு மாறுவார்கள் என்று யார் கண்டது? மாற்ற வேண்டுமானால் அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்ற வேண்டும். டிரான்ஸ்பர் ஃபாரம் வாங்கிவந்து இடது கையால் கையெழுத்துப் போட வைத்தேன். கோழி கிண்டியது மாதிரி இருந்தது. கம்பெனிக்காரர்கள், பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று திருப்பியனுப்பிவிட்டார்கள். நேரில் போய்க் கேட்டதற்கு, ஒரு மாஜிஸ்டிரேட் முன்னால் கைரேகை வைத்து அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் ஒத்துக்கொள்வோம் என்றார்கள்.

மாஜிஸ்டிரேட்டை எங்கே போய்ப் பிடிப்பது? சித்தப்பாவுக்கு ஒருவரைத் தெரியும். ஆனால் சித்தப்பா சமையலறை வாசலில் நின்றுகொண்டு அம்மாவிடம் சொன்னது இது.

"மன்னி, அண்ணா பேர்லதானே இருக்கு? வித்து வைத்தியத்தைப் பாருங்கோ. அண்ணா பிழைச்சு எழுந்தா மாமிக்குத் திருப்பிக் கொடுத்துக்கலாம். ஃபாரத்துல வாங்கறவா பேரை எழுதாம விட்டுடுவோம். மார்க்கெட்ல எல்லாரும் அப்படித்தான் பண்றா. ரேகை விழுந்தா போதும், அப்புறம் யாருக்கு வேணும்னாலும் வித்துக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சித்தப்பா, நாக்கு கூசலையா உங்களுக்கு?" என்று கேட்டே விட்டேன். அம்மா என்னை அடக்கினாள். அவளுக்கும் மனசு ஊசலாடியது என்பதை மறைக்கப் போவதில்லை. மருந்துச் செலவு அவள் கழுத்தில் இருந்ததையெல்லாம் கொண்டுபோயிருந்தது, எங்கள் சொந்த ஷேர்களை விற்கவும் அதே கைரேகை வேண்டியிருந்தது. சித்தப்பாவும் கெட்டவர் இல்லை. தம் அண்ணாவை, அதாவது அப்பாவை, காப்பாற்ற வேண்டும் என்ற வெறிதான் அவரை அப்படிப் பேசவைத்தது. அம்மா கடைசியில், "மாஜிஸ்டிரேட்டைக் கூட்டிண்டு வாங்கோ. உங்கண்ணா மனசுல இருக்கறதை அவரே சொல்லட்டும்" என்றாள்.

வந்தவர் மராட்டிக்காரர், வயதானவர், கண்டிப்பானவர். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்த ஃபாரத்தைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். யாருக்குக் கொடுக்கிறார் என்று அப்பா தம் வாயாலேயே சொல்ல வேண்டும், ஒருவரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது, சொல்லாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார்.

"யே சப் கிஸ்கோ தேதே ஹோ?" இதெல்லாம் யாருக்கு?

அப்பா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார், எச்சில் வழிந்தது, வார்த்தை வரவில்லை. அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாஜிஸ்டிரேட் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகப் போனார். இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்று கத்த வேண்டும் போல இருந்தது.

அப்போது வாசல் கதவு திறந்தது. அதற்குப் பின்னால் அவ்வளவு நேரமும் மாமி நின்றிருக்கிறார்! நேராக உள்ளே வந்து, கட்டிலுக்கு எதிரே, அப்பாவின் கண்ணுக்கு நேராக நின்றார். எனக்குத் தெரிந்து எந்தக் காரியம் தொடங்கும்போதும் மாமி ஒருவர் எதிரில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

அப்பா இடது கையைத் தூக்கி அவரைக் காட்டினார். "இன்... இன்கா" என்றார். இவருடையது. பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மேரா நஹி." என்னுடையது இல்லை.

மாஜிஸ்டிரேட் பேனாவைத் திறந்தார். மாமியைப் பார்த்து, "ஆப்கா நாம்?" என்று பெயரைக் கேட்டார். மாமி தயங்கினார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசாலாட்சி" என்றார் மாமி.

சித்தப்பாதான் ஃபாரத்தை வாங்கி, காலி இடத்தில் அந்தப் பெயரை எழுதினார். எங்கள் ஷேர்களில் சிலவற்றை விற்கவும் அன்றைக்கே ரேகை வைத்துக்கொண்டோம். அப்பா அதற்கப்புறம் சில வாரம் நிம்மதியாகத் தூங்கினார். மாடியைக் காட்டுவது நின்றுவிட்டது. ஒரு மத்தியானம் அம்மா மோர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. டாக்டருக்கு, ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு, அப்பாவை நாற்காலியில் வைத்து மாடி ஏற்றிய பில்டிங் பிள்ளைகளுக்கு, திட்டு வாங்கிக்கொண்டும் ஓடி ஓடி உழைத்த சித்தப்பாவுக்கு, தம் பெயரை இந்த மலரில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்ட அந்த மாஜிஸ்டிரேட்டுக்கு. மாமிக்கும் சொல்ல வேண்டும், அதற்கான காரணம் வேறு.

காரியமெல்லாம் முடிந்தபின், அப்பாவின் ஷேர்களை யார் பெயருக்கு மாற்றுவது என்ற பேச்சு வந்தது. அம்மா, "எல்லாத்தையும் பிள்ளை பேர்லயே எழுதிடுங்கோ. இனிமே என் பேர் எதுக்கு?" என்றாள். வெறும் நெற்றியோடு, மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னாள். அண்ணா சரி என்று தலையாட்டவும் போய்விட்டான்.

மாடியிலிருந்து வந்திருந்த மாமி எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்தார். "இந்த அசட்டுத்தனத்தை நான் பண்ணிட்டுத்தானே அந்த மனுஷனைப் படுக்கையிலயும் தவிக்கவிட்டேன்? உங்க ஆயுசுக்குத்தான் அவர் சேர்த்து வெச்சார். பேரைப் போடுங்கோ மாமி" என்றார்.

இந்த மலரை வெளியிடுபவர் என்ற இடத்தில் அண்ணாவின் பெயரைப் போடுவதாக அச்சகத்தில் சொல்லியிருந்தோம். அம்மா அதை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போடச் சொல்லிவிட்டாள். கீழே இருப்பது அவள் பெயர்.

வெளியிடுபவர்:
மீனாட்சி